அரிசி கேட்பது பிச்சையல்ல



பிழைக்க மும்பை வந்த நாம் முதலில் தலைகுனிவது ரேஷன் கடை வாசலில்தான். 'ஊர் அட்டை இங்கே செல்லாது' என்று மராத்தியில் விரட்டுகிறார்கள். பதில் சொல்ல மொழியின்றி வெறும் பையோடு திரும்புகிறோம்.

செல்லும், தோழர்களே! 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் அட்டைக்கு எந்த மாநிலத்திலும் அரிசி, கோதுமை உண்டு. 2020 அக்டோபரில் தமிழ்நாடும் இத்திட்டத்தில் சேர்ந்தது. அட்டையில் பி.எச்.எச். அல்லது ஏ.ஏ.ஒய். என்றிருக்கிறதா பாருங்கள். என்.பி.எச்.எச். அட்டைக்கு இங்கே கிடைக்காது. அதற்கும் குரல் கொடுப்போம்.

அட்டை எண்ணைச் சொல்லி, கைரேகை வைத்து, நம் பங்கை இங்கே வாங்கலாம். மீதியை அதே அட்டையிலுள்ள பெற்றோர் ஊரில் வாங்கலாம். ரசீதை விடாதீர்கள்.

தனியாகப் போனால்தானே விரட்டுவார்கள்? மராத்தி அறிந்த ஒருவரோடு நாலு பேராகப் போவோம். கேட்பது சலுகையல்ல, உரிமை!