பழைய காருக்குப் புது பிரேக்

(பொறியியல் மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் கூடிய அமர்வில் ஆற்றிய உரை)



"இருபது நிமிஷத்துல முடிச்சுக்குங்க, அப்புறம் சாப்பாடு" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். பிரேக் பற்றிப் பேச வந்தவனுக்கே பிரேக் போட்டுவிட்டார்! நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய சின்னக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஆசை வரும். பின்னால் வந்த மாடலின் பெரிய பிரேக்கைக் கழற்றி நம்ம வண்டியில் மாட்டினால் என்ன? மாட்டலாம். எதை மாட்டினோம் என்பதைவிட, எதைத் தொடாமல் விட்டோம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

உதாரணத்துக்கு இங்கிலாந்தின் மினியை எடுத்துக்கொள்வோம். மிஸ்டர் பீன் ஓட்டுவாரே, அந்தக் கார்தான். 1959 முதல் 2000 வரை தயாரானது. அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. அதனால் பிந்தைய பாகங்கள் பல, முந்தைய வண்டியிலும் ஏறும்.

முதலில் வந்த மினிக்கு நாலு பக்கமும் 7 அங்குல டிரம். சக்கரமே 10 அங்குலம்தான், அதற்குள் பெரிதாக என்ன வைக்க முடியும்? 1961-இல் வந்த கூப்பரில் முன்பக்கம் 7 அங்குல டிஸ்க் போட்டார்கள். 1963-இல் கூப்பர் எஸ் 7.5 அங்குல டிஸ்க்கோடு வந்தது. 1984-இல் எல்லா மினிக்கும் 12 அங்குலச் சக்கரம், 8.4 அங்குல டிஸ்க் என்று ஆயிற்று. இதற்கிடையில் 1980-இல் மெட்ரோ என்ற கார் வந்தது. அதில் காலிப்பருக்கு நாலு பிஸ்டன். எம்.ஜி. மெட்ரோ டர்போவில் நடுவே காற்றுப் போகிற டிஸ்க். மினிக்காரர்கள் பழைய இரும்புக் கடையில் தேடி அலைந்தது இந்த மெட்ரோ பிரேக்கைத்தான்.

7.5-இலிருந்து 8.4-க்குப் போனால் டிஸ்க்கின் அளவு 12 சதம் கூடுகிறது. சரி, பிடிப்பும் 12 சதம் கூடுமா? கூடாது. 12 அங்குலச் சக்கரத்துக்கு மாறும்போது டயரின் விட்டமும் சுமார் 4 சதம் கூடிவிடுகிறது. கணக்குப் பார்த்தால் ஏழெட்டு சதம்தான் மிஞ்சும். அதோடு, கடைசியில் வண்டியை நிறுத்துவது டயர். சக்கரத்தைப் பூட்டுகிற அளவுக்குப் பழைய பிரேக்கே பிடித்தால், பெரிய டிஸ்க்கினால் ஒரு தடவை நிற்கிற தூரம் அப்படியொன்றும் குறையாது.

அப்ப லாபம் எங்கே? சூட்டில். ஆட்களோடு 800 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் சுமார் 310 கிலோஜூல் சூடு பிறக்கிறது. ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். இப்போது குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குங்கள். சுமார் 1,500 மீட்டர் இறக்கம். அந்த மாதிரி முப்பத்தெட்டு தடவை நிறுத்துகிற சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். நல்ல டிரைவர் கியரைக் குறைத்துப் பெரும்பங்கை எஞ்சினிடம் விட்டுவிடுவார். மற்றவர் எல்லாவற்றையும் பிரேக்கின் தலையில் கட்டுவார். காற்றுப் போகிற டிஸ்க்கின் அருமை அங்கேதான் தெரியும்.

மாட்டுகிற வேலைக்கு வருவோம். டிரம் மினிக்கு டிஸ்க் போட வேண்டுமானால் காலிப்பர் மட்டும் வாங்கிவந்து பிரயோஜனமில்லை. ஹப், சி.வி. ஜாயின்ட், டிரைவ் பிளேஞ்ச் எல்லாமே வேறு. செட்டாக மாற்ற வேண்டும். ஆரம்ப கால மெட்ரோ காலிப்பரில் ஆயில் நுழைய இரண்டு வழி உண்டு. ஒரு சர்க்யூட் போனாலும் மற்றது பிடிக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. மினியில் முன்சக்கரத்துக்கு ஒரே ஹோஸ்தான். இரண்டு வழியையும் சேர்த்துக் கொடுக்காமல் ஒன்றை அடைத்து வைத்தால் பாதி பிஸ்டன் சும்மா உட்கார்ந்திருக்கும். காசு கொடுத்து பிரேக்கைக் குறைத்துக்கொண்ட கதைதான்!

காலிப்பர் பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு கூடினால் அதே மிதிக்கு அழுத்தும் விசை கூடும். ஆனா பெடல் ஆழமா இறங்கும், தள்ள வேண்டிய ஆயில் அதிகம். அதைச் சரிக்கட்டப் பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால் பெடல் கெட்டியாகும். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க முடியும்.

இனிப் பின்சக்கரம். யாரும் கவனிக்காத இடம். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்கிறது, பின்பக்கம் லேசாகிறது. மினியின் முன்பின் சக்கர இடைவெளியோ 80 அங்குலம்தான். முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி திரும்பாது, நேராகப் போய் இடிக்கும். பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி பம்பரம் மாதிரி சுற்றிவிடும். அதனால்தான் பின்பக்கத்துக்குப் போகிற அழுத்தத்தை மட்டுப்படுத்த ஒரு வால்வு வைத்தார்கள்.

பெரிய பிரேக்கோடு நல்ல டயரும் போட்டதும் வண்டி முன்னைவிடச் சுருக்காக நிற்கிறது. பாரம் இன்னும் அதிகமாக முன்னால் போகிறது. நேற்று வரை ஒழுங்காக இருந்த பின் டிரம், இன்று அதிகப்படியாகிவிடுகிறது! பரிகாரம், பின்னால் பிரேக்கைக் குறைப்பது. முக்கால் அங்குல வீல் சிலிண்டருக்குப் பதில் ஐந்தெட்டு அங்குலம் போட்டால் பரப்பு 30 சதம் குறைகிறது. "பின்னாலயும் டிஸ்க் போட்டா அழகா இருக்குமே" என்று சிலர் கேட்பார்கள். இருக்கும். அந்த வால்வையும் மாஸ்டர் சிலிண்டரையும் மறுபடி கணக்குப் போட்டுவிட்டுப் போடுங்கள்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140-தான். கொதித்தால் ஆவி, ஆவியை மிதித்தால் பெடல் தரையில். எவ்வளவு பெரிய டிஸ்க்கும் அப்போது உதவாது. காலிப்பரை மாற்றும் அன்றைக்கே ஹோஸையும் ஆயிலையும் மாற்றி, ஏர் எடுத்துவிடுங்கள்.

நம் நாட்டில் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. இன்சூரன்ஸ்காரரும் கேட்பார்.

வேலை முடிந்ததும் ஆளில்லாத சமதரையில் 20, அப்புறம் 40 கிலோமீட்டர் வேகத்தில் பிடித்துப் பாருங்கள். எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று ஒரு நண்பர் தள்ளி நின்று பார்க்கட்டும். பின்சக்கரம் என்று அவர் சொன்னால் வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள், கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.