துரவு வெட்டுகிறவர்களுக்கும் ஒரு பங்கு

(ஆதரவாளர் கூடுகையில் ஆஸ்பத்திரி போதகர் ஆற்றிய உரை)



உங்களில் சிலர் எழுதுகிற கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "ஐயரவர்களே, கட்டிலுக்கும் ஆபரேஷன் அறைக்கும் கொடுத்தோம், சந்தோஷம். கிராமத்துப் பெண்களைக் கூட்டிவைத்துப் பாடம் சொல்வதற்கும் மரக்கன்றுக்கும் ஆஸ்பத்திரிப் பணம் எதற்கு?" காணிக்கை கொடுக்கிறவர்கள் கணக்குக் கேட்பது நியாயமே. வேதசாஸ்திரக் கல்லூரியில் படித்ததைக் கொண்டு பதில் சொல்வதைவிட, ஜாம்கேட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஜாம்கேட் மகாராஷ்டிராவில், முன்பு அகமதுநகர் என்றும் இன்று அகில்யாநகர் என்றும் அழைக்கப்படும் மாவட்டத்தில் இருக்கிறது. மழை பொய்க்கிற வறண்ட பூமி. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் ராஜ் ஆரோலே, டாக்டர் மேபல் ஆரோலே தம்பதியர் 1970-இல் அங்கே போனார்கள். அதற்குமுன் வேறொரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்தபோது, வருகிற நோய்களில் பெரும்பாலானவை தடுத்திருக்கக்கூடியவை என்பதையும், குணமாகிப் போனவர்கள் அதே வியாதியோடு திரும்பி வருவதையும் கண்டிருந்தார்கள்.

ஜாம்கேட்டில் அவர்கள் மருந்தைப் பற்றிப் பேசப் போனார்கள். ஜனங்களோ தண்ணீரையும் தானியத்தையும் பற்றிப் பேசினார்கள். 1972-இல் மகாராஷ்டிராவை வாட்டின பஞ்சத்தை நினைத்தால் அதில் ஆச்சரியமில்லை. டாக்டர்கள் வாதாடாமல் ஜனங்கள் சொன்ன வரிசையிலேயே வேலையைத் தொடங்கினார்கள். எனக்கு அவர்களிடம் மிகவும் பிடித்தது இதுதான். படித்தவர்களுக்கு எளிதில் வராத காரியம்.

முதலில் ஆழ்குழாய்க் கிணறுகள். அவற்றில் பல தலித் மக்களின் குடியிருப்பில் போடப்பட்டன. தண்ணீர் வேண்டிய மேல்சாதியார் அங்கேதான் குடத்தோடு வரவேண்டும். ஈசாக்கு வெட்டின துரவுகளுக்காக மேய்ப்பர்கள் சண்டையிட்டதும், சண்டையில்லாமல் கிடைத்த துரவுக்கு அவன் ரெகொபோத் என்று பேரிட்டதும் உங்களுக்குத் தெரியும். அந்தக் கைபம்புகளைப் பற்றி வாசிக்கும்போது எனக்கு அந்தப் பேர்தான் நினைவுக்கு வரும். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்கு மதில் எழுப்பின சபைகள் உள்ள நாட்டில் இது சிறிய காரியமல்ல.

முதலில் பயிற்சி பெற்ற நர்சுகளைக் கிராமங்களில் தங்கவைத்துப் பார்த்தார்கள்; அது சரிப்படவில்லை. பின்பு அந்தந்த ஊராரே தங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியைத் தெரிந்தெடுத்தார்கள். பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பலர் தாழ்த்தப்பட்டோர். வாரந்தோறும் ஜாம்கேட்டுக்கு வந்து, சாதி பாராமல் ஒன்றாகச் சாப்பிட்டு, படித்ததை ஊருக்கு எடுத்துப்போனார்கள். வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு சமமட்டமான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுப்பது அந்தப் பாடங்களில் ஒன்று. எந்த அடுப்பங்கரையிலும் இருக்கிற பொருள்தான். ஆனால் பேதியாகிற பிள்ளைக்குத் தண்ணீரே காட்டக்கூடாது என்று பாட்டி சொல்லும்போது, அதை மீறிக் கொடுக்கச் சொல்ல அந்தத் தெருவிலேயே நம்பிக்கைக்குரிய ஒருத்தி வேண்டுமல்லவா? அந்தப் பெண்களே பிரசவம் பார்த்தார்கள். குஷ்டரோகத்தின் முதல் தேமலைக் கண்டுபிடித்தார்கள்.

ஆண்களை வாலிபால் விளையாட்டைச் சொல்லிக் கூட்டினார்களாம்! அப்படிச் சேர்ந்தவர்களிலிருந்து உழவர் சங்கங்கள் உருவாயின. சரிவில் வரப்பு போட்டால் மழைநீர் மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடாமல் நின்று நிலத்தில் இறங்கும். கிணற்றில் நீர் ஊறும். ஒரு போகம் விளைந்த இடத்தில் இன்னொன்று விளையும். அந்தத் தானியம் கர்ப்பவதியின் தட்டுக்கு வந்தால் பிறக்கிற குழந்தையின் எடை கூடும். வரப்புக்கும் எங்கள் தராசுக்கும் உள்ள சம்பந்தம் இவ்வளவுதான். வீட்டுக் கழிவுநீருக்கு உறிஞ்சுகுழி வெட்டினார்கள்; தேங்கின தண்ணீரும் அதோடு கொசுவும் குறைந்தன. நாற்றங்கால் வைத்து இலட்சக்கணக்கில் மரங்களும் நட்டார்கள்.

பலன் என்ன? திட்டம் தொடங்கின காலத்தில் அக்கிராமங்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். 1990-களில் அந்த எண்ணிக்கை 30-க்குக் கீழே வந்தது. இது அவர்களே எடுத்த கணக்கு. அதே காலத்தில் நாடு முழுவதும் சாவு குறைந்தது என்பதும் உண்மைதான். எல்லாப் புகழையும் ஒரு திட்டத்துக்கே சூட்ட நான் வரவில்லை. ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் 1975-இல் வெளியிட்ட புத்தகத்தில் ஜாம்கேட்டுக்கு இடம் கொடுத்தது. 1979-இல் இருவருக்கும் மகசேசே விருது கிடைத்தது. மேபல் அம்மா 1999-இலும், ராஜ் ஐயா 2011-இலும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். வேலை இன்றும் நடக்கிறது.

ஜாம்கேட்டிலும் ஆஸ்பத்திரி உண்டு; ஆபரேஷனும் உண்டு. நானும் கட்டில் வேண்டாம் என்று சொல்லவில்லை. இராத்திரி நேரத்தில் பேறுகாலம் கடினமாகி ஒரு தாய் வந்தால் மரக்கன்று உதவாது. ஆனால் வார்டில் ஜெபிக்கப் போகிறபோது, நல்ல தண்ணீர் இருந்திருந்தால் அங்கே படுத்திருக்க வேண்டியிராத பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

ஆகையால் ஒரு விண்ணப்பம். அடுத்த மாதக் காணிக்கை உறையில் இன்ன கட்டிலுக்கு என்று மாத்திரம் குறிக்காமல், மனமுள்ளவர்கள் ஒரு பங்கைக் "கிராமப் பணிக்கு" என்று எழுதி அனுப்புங்கள். குறிக்க மனமில்லாதவர்கள் வழக்கம்போல அனுப்பலாம்; அதையும் ஸ்தோத்திரத்தோடே பெற்றுக்கொள்ளுவோம்.