நீர்க்கடுப்பு மாத்திரையும் நம்ம பொதுச் சேமிப்பும்

(கொல்லிமலை மகளிர் குழுக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், சுகாதாரக் குழு சார்பில் பேசியது)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி, வசூல் என்றுதான் பேசுவோம். இன்றைக்கு நாம் வாய் திறந்து பேசாத ஒரு விஷயத்தைப் பேசப் போகிறோம். அதுதான் நீர்க்கடுப்பு. "சூடு பிடிச்சுக்கிச்சு" என்று சொல்லி, மோரையும் இளநீரையும் குடித்துவிட்டு, வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் இருந்துவிடுகிறோமே, அதேதான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெண்களில் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வருகிறது.

எங்கள் குழு அக்கா ஒருவருக்கு நடந்ததை, அவர் சம்மதத்தோடு சொல்கிறோம். பெயர் வேண்டாம். மிளகு பறிப்பு சமயம். காலையில் காட்டுக்குப் போனால் பொழுது சாயத்தான் வீடு திரும்புவார். தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடம் தேடணுமே என்று குடிக்கவே மாட்டார். எரிச்சல் வந்தது. கீழே போன உறவுக்காரரிடம் சொல்லி, டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் நான்கு மாத்திரை வாங்கினார். இரண்டு போட்டதும் சரியாகிவிட்டது. மீதி இரண்டைப் பத்திரமாக டப்பாவில் வைத்தார். ஒரு மாதத்தில் மறுபடி எரிச்சல். அந்த இரண்டைப் போட்டார். மூன்றாம் தடவை, பக்கத்து வீட்டுத் தங்கச்சி கொடுத்த வேறு ஏதோ மாத்திரை.

நான்காம் தடவை எந்த மாத்திரையும் கேட்கவில்லை. குளிர் காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி. ராத்திரியோடு ராத்திரியாக 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது. சிறுநீரைப் பரிசோதித்துப் பார்த்தால், வழக்கமாகக் கொடுக்கிற மாத்திரை ஒன்றுகூட அந்தக் கிருமியைக் கொல்லவில்லை. ஒரு வாரம் ஊசி மருந்து ஏற்றினார்கள். ஆடு வாங்கக் குழுவில் எடுத்த கடன் அந்த ஒரு வாரத்திலேயே கரைந்து போனது. அக்கா பிழைத்து வந்து இன்றைக்கு நம்மோடு உட்கார்ந்திருக்கிறார். அதுவே பெரிது.

மாத்திரை ஏன் கேட்கவில்லை? போலி மாத்திரையா? இல்லை. கிருமிதான் மாறிவிட்டது.

நீர்க்கடுப்பு பெரும்பாலும் ஈ-கோலை என்ற கிருமியால் வருகிறது. இது நம் எல்லோர் குடலிலும் இருக்கிறது. அங்கே இருக்கும்வரை தொந்தரவு இல்லை. சிறுநீர்ப் பாதைக்குள் போனால்தான் வம்பு. பெண்களுக்கு அந்தப் பாதை சுமார் 4 சென்டிமீட்டர்தான், அதனால் சுலபமாக ஏறிவிடுகிறது. கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மாத்திரை போடும்போது பலம் குறைந்த கிருமிகள் சாகின்றன. தாக்குப் பிடித்தவை மிஞ்சிப் பெருகுகின்றன. போதாத அளவிலும் பொருந்தாத மருந்தையும் அடிக்கடி போட்டால், தாக்குப் பிடிப்பவைதான் அதிகமாகும். அதோடு நிற்பதில்லை. நாம் பக்கத்து வீட்டுக்கு விதை கொடுப்பது போல, ஒரு கிருமி மருந்தை எதிர்க்கும் சக்தியைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடுகிறது. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-ல் தன் நோபல் உரையிலேயே, மருந்தைக் குறைத்துப் போட்டால் கிருமிகள் எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடும் என்று எச்சரித்தார்.

"நான் மாத்திரையே போட்டதில்லை, எனக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்காக நம் தமிழ்நாட்டு ஆராய்ச்சி ஒன்றைச் சொல்கிறோம். 2000-க்குப் பிந்தைய வருடங்களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் கிராமத்திலும் நகரத்திலும் இருந்த கர்ப்பிணிப் பெண்களிடம் ஈ-கோலை கிருமியை எடுத்துச் சோதித்தார்கள். நோய் எதுவும் இல்லாத பெண்களிடமும் மருந்துக்கு அடங்காத கிருமி இருந்தது. அதாவது, அந்தக் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைவழி, தண்ணீர்வழி, சாப்பாட்டுவழி போய்ச் சேருகிறது.

2010-ல் வந்த சேதி அதைவிடப் பெரியது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, என்.டி.எம்-1 என்ற எதிர்ப்புச் சக்தி உள்ள கிருமிகளைப் பற்றி எழுதினார்கள். சென்னையில் மட்டும் அப்படி 44 கிருமிகள் கிடைத்தன. கடைசி ஆயுதமாக வைத்திருந்த ஊசி மருந்தையே இவை செல்லாக்காசு ஆக்கிவிடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013 முதல் நாடு முழுதும் பெரிய ஆஸ்பத்திரிகளில் கணக்கெடுத்து வருகிறது. இமிபெனம் என்ற அந்தக் கடைசிக் கட்ட ஊசி, 2017-ல் ஈ-கோலை கிருமிகளில் நூற்றுக்குச் சுமார் 81-ஐ அடக்கியது. 2023-ல் அது சுமார் 63 ஆகக் குறைந்துவிட்டது. இது பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கணக்கு, ஊரில் உள்ள எல்லோருக்கும் இதே அளவு என்று சொல்ல முடியாது. ஆனால் போகிற திசை தெரிகிறது அல்லவா? நாம் கடையில் பேர் சொல்லி வாங்குகிற நார்பிளாக்சசின், சிப்ரோபிளாக்சசின் மாத்திரைகள், அந்த ஆஸ்பத்திரிகளில் சோதித்த சிறுநீர்க் கிருமிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றிடம் பலிக்கவில்லை.

சகோதரிகளே, இதைக் குழு பாஷையில் சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். மருந்தின் பலம் நம்ம பொதுச் சேமிப்பு மாதிரி. ஒருவர் அவசரத்துக்கு எடுக்கலாம், அதற்காகத்தான் சேர்த்து வைத்திருக்கிறோம். ஆனால் தேவை இல்லாமல் ஆளாளுக்கு எடுத்தால், உண்மையான அவசரம் வருகிற அன்றைக்குப் பெட்டி காலி. பிரசவித்த பெண்ணுக்குக் காய்ச்சல் வரும்போது, கைக்குழந்தைக்குச் சளி நெஞ்சில் இறங்கும்போது மருந்து வேலை செய்யாது.

இதில் பெண்களை மட்டும் குறை சொல்லவில்லை. சீட்டு இல்லாமல் விற்கிற கடையும், சாதாரணச் சளிக்கும் ஆன்டிபயாடிக் எழுதுகிற டாக்டரும், கேட்டு வாங்குகிற நாமும் எல்லோருமே பொறுப்பு. கோழி வளர்ப்பிலும் இருக்கிறது. நம் நாமக்கல் மாவட்டம் முட்டைக்குப் பேர் போனது. நாடு முழுக்கக் கோழி வேகமாக வளரத் தீவனத்தில் கலந்து வந்த கொலிஸ்டின் என்ற மருந்தை, 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்தது. மனிதருக்குக் கடைசியில் கொடுக்க வைத்திருக்கும் மருந்து அது. நாமும் வீட்டில் மிஞ்சிய மாத்திரையைப் பொடி செய்து கோழிக்கும் ஆட்டுக்கும் கொடுக்கிறோம். அதை நிறுத்தணும். கால்நடை டாக்டரைக் கேட்டுக் கொடுப்போம்.

இனி நாம் என்ன செய்யலாம்?

1. எரிச்சல், அடிக்கடி சிறுநீர், அடிவயிற்று வலி இருந்தால் செம்மேடு அரசு ஆஸ்பத்திரிக்கோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போவோம். முதல் மாத்திரை போடும் முன்பே, "சிறுநீர்ப் பரிசோதனை வேணுமா டாக்டர்?" என்று கேட்போம். திரும்பத் திரும்ப வருபவர்கள் கட்டாயம் கேட்கணும். எந்த மருந்து கேட்கும் என்று காட்டும் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான டப்பாவில் பிடித்துக் கொடுக்கணும்.

2. டாக்டர் மூன்று நாள் என்றால் மூன்று நாள், ஐந்து என்றால் ஐந்து. நடுவில் நிறுத்த வேண்டாம், நாமாக நீட்டவும் வேண்டாம். மாத்திரையைப் பங்கு போட வேண்டாம், மிச்சம் வைக்கவும் வேண்டாம். நைட்ரோபியூரன்டாயின் போன்ற சில பழைய மருந்துகள் இன்னும் நன்றாக வேலை செய்கின்றன. அவற்றையாவது காப்பாற்றணும்.

3. மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. 2014 மார்ச் முதல், செஃபிக்சைம் போன்ற மருந்துகளை யாருக்கு விற்றோம் என்று கடைக்காரர் எழுதி, மூன்று வருடம் வைத்திருக்கணும் என்பது சட்டம்.

4. குளிர் காய்ச்சல், விலா வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம் இருந்தால் ஒரு நாளும் பொறுக்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களும் தாமதிக்க வேண்டாம். வண்டிக்கு 108, ஆலோசனைக்கு 104.

5. கர்ப்பிணிகளுக்கு எரிச்சல் இல்லாவிட்டாலும் சிறுநீரில் கிருமி இருக்கலாம். கவனிக்காவிட்டால் குறைமாதப் பிரசவம் ஆகலாம். மாதப் பரிசோதனையின்போது கிராம சுகாதார செவிலியரிடம் கேட்கணும். மற்றவர்களுக்கு, தொந்தரவு எதுவும் இல்லாதபோது இதற்கென்று மாத்திரை பொதுவாகத் தேவைப்படாது.

6. வராமல் தடுக்க, தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள், அடக்காதீர்கள். மலம் கழித்தால் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். கணவரோடு சேர்ந்தபின் சிறுநீர் கழித்துவிடுங்கள்.

ஆனால் ஒதுங்க இடம் இல்லாமல் "தண்ணீர் குடி" என்றால் யார் குடிப்பார்கள்? அதனால் சுகாதாரக் குழு இன்றைக்கு இரண்டு தீர்மானம் முன்வைக்கிறது. சோளக்காடு சந்தையிலும், நாம் கூலிக்குப் போகிற இடங்களிலும் பெண்களுக்குத் தண்ணீரோடு கழிப்பறை வேணும் என்று எல்லாக் குழுவும் கையெழுத்திட்டு ஊராட்சிக்கு மனுக் கொடுப்போம். அடுத்தது, மாதக் கூட்டத்தில் கடன் வசூல் முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, யாருக்கு இந்தத் தொந்தரவு, யார் வீட்டில் மிச்ச மாத்திரை இருக்கிறது என்று கேட்டு, துணைக்கு ஆள் வேண்டுமானால் ஒருவர் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்.

மேலே சொன்ன அக்கா அன்றைக்கு ஒரு வார்த்தை எங்களிடம் சொல்லியிருந்தால் செம்மேட்டிலேயே முடிந்திருக்கும். சொல்ல வெட்கப்பட்டார். நாங்களும் கேட்கவில்லை. இனிமேல் கேட்போம்.