முகங்கழுவும் தொட்டியும் கிணற்று நீரும்



காலையில் முகங்கழுவும்போது தொட்டியிலே நீர் தேங்கி நிற்கின்றது. சவர்க்கார நுரை மிதக்க, மெல்ல மெல்ல இறங்குகின்றது. பெரும்பாலான வீடுகளில் இக்குறையை எவரும் பொருட்படுத்துவதில்லை. நீர் முற்றாக நின்றபின்னரே கடைக்கு ஓடி, அடைப்பை எரித்து நீக்கும் மருந்தொன்றை வாங்கிவந்து ஊற்றுவர். அது வேண்டாத வேலை; தீங்கான வேலையுங்கூட என்பதே இன்று யான் சொல்ல விழைவது.

அடைப்பு எவ்வாறு உண்டாகின்றது? தலைவாரும்போதும் சவரஞ் செய்யும்போதும் உதிரும் மயிர் குழாயின் வாயிலே சிக்குகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுநீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருதலின் வன்னீராயுள்ளது. அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து, நீரிற் கரையாத படிவாகின்றது. மயிர் வலையாக, படிவு அவ்வலையிற் பசைபோல் ஒட்டிக்கொள்கின்றது.

தொட்டியின் கீழே குனிந்து நோக்கின், குழாய் வளைந்து செல்வதைக் காண்பீர்கள். அவ்வளைவில் எப்பொழுதும் சிறிது நீர் நிற்கும். கழிவுக்குழியின் நாற்றம் வீட்டினுள் ஏறாமல் தடுக்குங் கதவு அந்நீரே. 1775ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கமிங் என்னும் கடிகாரக் கைவினைஞர் மலசலகூடத்துக்கென உரிமைப்பதிவு செய்த உபாயம் இது. நாற்றத்தைத் தடுக்கும் அவ்வளைவே அழுக்கையும் பிடித்து வைக்கின்றது.

இனி, செய்யவேண்டியதைக் கூறுவேன். முதலில், தொட்டியின் அடைப்பானைக் கழற்றி, நுனி வளைத்த மெல்லிய கம்பியால் மயிரை மேலே இழுத்தெடுங்கள். பல வீடுகளில் இதனோடே வேலை முடிந்துவிடும்.

முடியாவிடின், கைப்பிடி பொருத்திய இறப்பர்க் கிண்ணத்தைப் பயன்படுத்துங்கள். தொட்டியின் மேற்பக்கத்தில், மிகுநீர் வழிந்தோடுவதற்கென ஒரு சிறு துவாரம் இருக்கும். அதனை ஈரத்துணியால் இறுக அடையுங்கள். இன்றேல் அமுக்கும் விசை அவ்வழியே வீணாகும். கிண்ணம் மூழ்குமளவு நீர்விட்டு, பத்துப் பதினைந்து முறை அமுக்கி இழுங்கள்.

அதற்கும் அசையாவிடின், வளைவின்கீழ் வாளியொன்றை வைத்து, அதன் இருபுறத்துத் திருகுவளையங்களையும் கழற்றுங்கள். உள்ளிருக்கும் அழுக்கைப் பழைய பற்றூரிகையால் தேய்த்து நீக்குங்கள். வாளிநீரை அத்தொட்டியிலேயே ஊற்றிவிடாதீர்கள். குழாய் திறந்திருப்பதை மறந்து அவ்வாறு செய்வோர் பலர்! இறப்பர் வளையங்கள் பழுதின்றி இருப்பதைப் பார்த்து, மீண்டும் பூட்டி, நீர்விட்டு, கசிவு உண்டோவெனக் கவனியுங்கள். இவ்வளவுஞ் செய்தும் நீர் இறங்காவிடின், அடைப்பு வெளிக்குழாயில் உள்ளதென்று கொள்க.

மருந்தை ஏன் வேண்டாமென்கின்றேன்? அவற்றுட் பல எரிசோடா கொண்டவை. கண்ணிற் பட்டாற் பார்வையே கெடலாம். அமிலத்தையும் வெளிற்றும் திராவகத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றினால், நச்சுக் குளோரீன் வாயு எழும். அப்பச்சோடாவும் வினாகிரியுமோ நுரைத்து, ஒன்றையொன்று செயலிழக்கச் செய்யுமேயன்றி, மயிரைக் கரைக்கமாட்டா.

மேலும், ஊற்றியது மறைந்துவிடுவதில்லை. அது வளவிலுள்ள குழியைச் சென்றடைகின்றது. அங்கே கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு அது ஊறு விளைக்கும். குழிநீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளினூடே கிணற்றையும் அடையக்கூடும். அக்கிணறு நம்முடையதாகவும் இருக்கலாம், அயலவருடையதாகவும் இருக்கலாம்.

தம் வீட்டு அழுக்கைத் தாமே தொடுதல் இழிவென்று எண்ணுவோர் நம்மிடையே இன்னும் உளர். பிறர் கைக்கு அதனை ஒதுக்கிவைத்த பழைய வழக்கத்தின் எச்சம் அது. பாடசாலையில் மாணவர் தம் வகுப்பறையைத் தாமே கூட்டுகின்றனர். அதனால் எவரும் சிறுமையுற்றதில்லை. மாதம் ஒருமுறை, பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு, இவ்வேலையைச் செய்து காட்டுங்கள். கால்மணி நேரம் போதும். கிணற்று நீரும் தூய்மையாயிருக்கும்.