கொழும்பு நுளம்பும் கரண்ட் மெஷினும்



கொட்டாஞ்சேனையில் கடை வேலை செய்யும் நம்ம தம்பி ஒருவர் தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது, நீல வெளிச்சம் எரியும் நுளம்பு மெஷின் ஒன்றை வாங்கிட்டு வந்தார். லயத்துக் காம்பராவில் ராத்திரி முழுக்க எரிந்தது. விடிந்ததும் தட்டைக் கழற்றிப் பார்த்தோம். ஈசலும் அந்துப்பூச்சியும்தான் கிடந்தன. சம்பளக் காசில் ஆசையாக வாங்கினதாச்சே, அன்றைக்கு அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நுளம்பு வெளிச்சத்தைத் தேடி வருவதில்லை. நாம் விடும் மூச்சும் வியர்வை வாசமும்தான் அதை இழுக்கும். காதுக்குக் கேட்காத சத்தம் போட்டு விரட்டும் என்று விற்கிறார்களே, அந்தப் பிளக்குக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். மருந்துக் குப்பி செருகும் பிளக் வேலை செய்யும். கரண்ட் போனால் அதுவும் போச்சு. சுருள் நுளம்பை விரட்டும், ஆனால் ஒரு சுருளின் நுண்புகை 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு கைக்குழந்தை பக்கத்தில் அதைக் கொளுத்தலாமா?

இன்னொன்று. வெள்ளவத்தைச் சாக்கடையில் பெருகி ராத்திரி கடிக்கும் நுளம்பு வேறு, டெங்கு நுளம்பு வேறு. டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில் முட்டையிடும். காலையிலும் பொழுது சாயும் முன்னும்தான் அதிகம் கடிக்கும். 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. கொழும்பு மாவட்டத்தில்தான் அதிகம். ஆகவே ராத்திரி மட்டும் மெஷின் போட்டால் போதாது. கடையில் நிற்கும் பிள்ளைகள் பகலில் கை காலுக்கு நுளம்புக் கிறீம் பூசட்டும். பகலில் தூங்கும் குழந்தைக்கு வலை கட்டுங்கள். வாளி, பூச்சாடித் தட்டுத் தண்ணீரை ஊற்றினால் மட்டும் பத்தாது. முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும்.

கொழும்பிலிருந்து வந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அளவாகப் பனடோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், புருபன் கொடுத்தால் ரத்தக்கசிவு வரலாம். இரண்டு நாளில் விடாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் பாருங்கள். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ஆபத்து வரும். அன்றைக்கு வயிற்றுவலி, வாந்தி, சோர்வு கண்டால், கொழுந்து நிறுக்கும் வரை காத்திருக்காமல் கிளம்புங்கள்.