குழாய்வழி உண்ணும் பிள்ளைக்கும் நம் வீட்டுச் சோறு



மூளை முடக்குவாதம் போன்ற குறைகளால் விழுங்கும் ஆற்றல் குன்றிய பிள்ளைகளுக்கு, வாயில் ஊட்டும் உணவு மூச்சுக்குழலில் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே மருத்துவர்கள் மூக்கு வழியாகவோ, வயிற்றில் சிறு துளையிட்டோ குழாய் பொருத்துகின்றனர். பெரிய அறுவையின்றி வயிற்றில் குழாய் வைக்கும் முறையை 1979-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் காடரர், பான்ஸ்கி என்னும் மருத்துவர்கள் தொடங்கி வைத்தனர்.

குழாய் என்றாலே டப்பா மாவுதான் என நாம் எண்ணுகிறோம். அது தேவைப்படும் பிள்ளைகளும் உண்டு. எனினும் மருத்துவரும் உணவியல் நிபுணரும் இசைந்தால், குழைய வெந்த சோறு, பருப்பு, காரட், கோழிக்கறி, சிறிது எண்ணெய் ஆகியவற்றைக் காரமின்றிச் சமைத்து, மிக்ஸியில் மைய அரைத்து, வடிகட்டிச் செலுத்தலாம். வீட்டார் அனைவருக்கும் பொங்கிய பானையில் அப்பிள்ளைக்கும் பங்கு கிடைக்கிறது.

இதில் பேணுதல் அவசியம். பொதுவாக இது வயிற்றுக் குழாய்க்கே ஏற்றது. மெல்லிய மூக்குக் குழாய் எளிதில் அடைத்துக்கொள்ளும். தண்ணீரை மிகுதியாகச் சேர்த்தால் வயிறு நிறையுமேயன்றி உடல் தேறாது. எனவே அளவைக் கேட்டறிந்து, எடையைத் தவறாது பார்த்துவர வேண்டும். அரைத்த உணவை 2 மணி நேரத்திற்கு மேல் வெளியில் வைக்கலாகாது. குளிர்பெட்டியில் வைத்தாலும் 24 மணி நேரத்திற்குள் தீர்த்துவிட வேண்டும். தலையை உயர்த்தி வைத்து மெதுவாகச் செலுத்தி, முடிவில் கொதித்தாறிய நீரால் குழாயை அலச வேண்டும்.

வலீமா விருந்துகளில் அன்பின் மிகுதியால் அப்பிள்ளையின் வாயில் பேரீச்சம்பழமோ, ஜம்ஜம் நீரோ இடுகிறோம். தாய் தடுத்தால் மனம் கோணுகிறோம். தடுப்பது அவமதிப்பு அன்று, அமானிதத்தைக் காப்பதாகும். முதலில் தாயிடம் கேட்போம்.

எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும், 2005-இல் முட்டுக்காட்டில் அமைந்த பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் கீழ்க்கட்டளையிலிருந்து எட்டாத தூரத்தில் இல்லை. ஆயினும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேருந்து மாறிச் செல்வது எளிதன்று. அக்குடும்பங்களுக்கு வாகனமும், சிரிஞ்சும், நல்லதொரு மிக்ஸியும் பைத்துல்மால் வழியே அளிக்க முன்வருவோம். தாய் சற்றே கண்ணயர, நம் இல்லத்துப் பெண்கள் ஒருவேளை உணவைச் செலுத்தக் கற்றுக்கொள்வதும் பேருதவியாகும்.

வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.