பால் இல்லை என்று சொல்லுமுன்…



கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டங்களில் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "ஆப்பரேஷன் பண்ணி எடுத்த பிள்ளை. தாய்க்குப் பாலே இல்லை. டின் பால் வாங்கிட்டோம்." அந்தத் தாய் ஒன்றும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். தையல் போட்ட வலி ஒரு பக்கம், 'உனக்குப் பால் இல்லை' என்ற சொல் மறு பக்கம். எது அதிகம் வலிக்கும் என்பது பெற்றவளுக்குத்தான் தெரியும்.

வயிற்றை அறுத்ததால் பால் வற்றிவிடுமா? வற்றாது. நச்சுக்கொடி உடலைவிட்டு வெளியேறியதும் ஒரு சுரப்புநீர் சட்டென்று குறைகிறது. பால் பெருகுவதற்கு அதுதான் அறிகுறி. சுகப்பிரசவத்திலும் அறுவை சிகிச்சையிலும் இது ஒன்றுபோலத்தான் நடக்கிறது. பொதுவாக இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மார்பு நிறையும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு ஓரிரு நாள் தாமதமாகலாம். வலி, களைப்பு, அதிக இரத்தப்போக்கு, இனிப்புநீர், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளை தாயிடம் தாமதமாக வருவது ஆகியவை இதற்குக் காரணங்கள்.

அதுவரை பிள்ளை பட்டினியா? இல்லை. முதல் நாளிலிருந்தே சீம்பால் இருக்கிறது. அளவு கொஞ்சம்தான். ஆனால் பிறந்த பிள்ளையின் வயிறும் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவுதான் கேட்கும். அந்த மஞ்சள் நிறப் பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிய காலம் உண்டு. நோயை எதிர்க்கும் சக்தி அதில்தான் நிறைந்திருக்கிறது.

செய்ய வேண்டியது என்ன? தாய்க்கு நினைவு தெளிந்ததும் பிள்ளையை அவள் நெஞ்சோடு, தோலோடு தோல் படும்படி படுக்க வையுங்கள். உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃப்பும் மருத்துவமனைகளுக்கு வகுத்துள்ள பத்துப் படிகளில் இதுவும் ஒன்று. ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் கொடுக்க வேண்டும். இரவிலும் கொடுக்க வேண்டும். பாலைச் சுரக்க வைக்கும் சுரப்புநீர் இரவில்தான் அதிகம். தையல் மீது பாரம் விழாமலிருக்க ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கலாம், அல்லது பிள்ளையின் கால்கள் தாயின் கக்கத்துப் பக்கம் இருக்கும்படி அணைத்துக் கொடுக்கலாம். பிள்ளை தனி வார்டில் இருந்தால், பிறந்த சில மணி நேரத்திலேயே கையால் பீய்ச்சிக் கரண்டியால் கொடுக்கத் தாதியிடம் உதவி கேளுங்கள். வலி மாத்திரையைப் பயந்து ஒதுக்காதீர்கள். பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற மாத்திரையை மருத்துவரே தருவார். வலி குறைந்தால்தான் பிள்ளையை நிம்மதியாக அணைக்க முடியும்.

பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் முருங்கைக்கீரையும் நல்ல உணவுதான், கொடுங்கள். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரை மட்டும் மறுக்காதீர்கள். பிள்ளைக்குச் சேனைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். ஒவ்வொரு புட்டிப் பாலும் ஒரு முறை சப்புவதைக் குறைக்கிறது.

அதற்காகப் பிடிவாதமும் கூடாது. பிள்ளை துவண்டு கிடந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், மஞ்சள் காமாலை கூடினாலும், எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினாலும் உடனே கிளினிக்குக்குப் போங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறையாவது பிள்ளை நன்றாக நனைக்க வேண்டும். மேற்கொண்டு பால் கொடுக்க மருத்துவர் சொன்னால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதில் தாய்க்கு எந்தக் குறையும் இல்லை. கூடவே தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள்.

டின் பால் நம் தோட்டங்களுக்குப் புதிதல்ல. பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்கள் நம் பாட்டிமார்கள். அந்தக் காலத்தில் மலாயாவில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தை உணவென்று விற்பதால் பிள்ளைகள் சாகின்றன என்று துணிந்து சொன்னார். பின்னர் ஜப்பானியர் அவரைச் சாங்கி சிறையில் அடைத்தனர். அங்கே கைதிகளாக இருந்த தாய்மார்களுக்கு இருபது பிள்ளைகள் பிறந்தன. அரைப்பட்டினிச் சிறையிலும் அந்தத் தாய்மார்கள் தாய்ப்பாலே கொடுத்தார்கள். இருபது பிள்ளைகளும் பிழைத்தன என்று அவர் பதிவு செய்திருக்கிறார். நம் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் பால் இல்லை என்று இரண்டாம் நாளே எப்படித் தீர்ப்புச் சொல்வது?

இன்று சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. 1.1.2023 முதல் தீபகற்பத்தில் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. மணமான ஆண் தொழிலாளிக்கும், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஏழு நாள் விடுப்பு உண்டு. தம்பிமார்களே, அந்த ஏழு நாளும் நண்பர்களுக்கு விருந்து வைக்க அல்ல. இரவில் பிள்ளையைத் தூக்கி மனைவியின் பக்கத்தில் விடுங்கள். துணியை மாற்றுங்கள். தண்ணீர் கொண்டு வந்து கொடுங்கள்.

மாமியார்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். வந்து பார்க்கிற அக்கம் பக்கத்தாரிடம் 'பால் இல்லை' என்று மருமகள் காதுபடச் சொல்லாதீர்கள். 'ஊறும்மா, நான் இருக்கிறேன்' என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் அரசாங்கத் தாதியிடம் பிள்ளை மார்பைச் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முதல் ஒரு வாரம் வீடே அந்தத் தாயோடு நின்றால், டின் தேவைப்படாத வீடுகள் நம்மில் பெருகும்.